இடப்பக்கம் கெவி

ஏறும்போது ஒன்றும் பிரச்சினை இல்லை, ஏறும்போது கெவி, அந்தக் கிடுகிடு பள்ளம், வலப்பக்கம். ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிற பக்கம். கழுத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் போதும், சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்கிறதா, ஒரு சாண்தானா என்று சுருளிவேலுக்குத் தெரிந்துவிடும். வலது கண் பாவம் இன்னும் உழைக்கிறது. இறங்கும்போதுதான் வம்பு. அதே கெவி இடப்பக்கம் வந்து நின்றுகொள்கிறது, இடப்பக்கம் என்று ஒன்று அவருக்கு இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, இருட்டென்றால் இருட்டு என்றாவது தெரியும். இது வேறு, அந்தப் பக்கத்தை யாரோ வைக்க மறந்துவிட்ட மாதிரி. நேரே பார்த்தால் தடம் தெரிகிறது, ஜீப்பின் பானெட்டில் பாதி தெரிகிறது, மீதிப் பாதியும் இருக்கத்தான் வேண்டும், முப்பத்தொரு வருஷமாக இருந்த பானெட் எங்கே போய்விடும். ஆடியிலிருந்துதான் இப்படி. ஆடிக்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது, ஆடிக் காற்றில் தூசி விழுந்து, அதைக் கசக்கு கசக்கென்று கசக்கி, அதற்கப்புறம்தான். நாலு மாதம். நாலு மாதத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஸ்டாண்டில் தெரியாது, வீட்டில் பவுன்தாய்க்குத் தெரியாது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. காத்துமொட்டை உச்சியிலிருந்து தொட்டிப்பாலம் ஸ்டாண்டு வரைக்கும் ஏழு கிலோமீட்டர், இருபத்திரண்டு வளைவு, ஒவ்வொன்றும் மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறக்கிவிடுவேன் சார் என்று முன்பெல்லாம் டூரிஸ்டுகளிடம் பீற்றிக்கொள்வார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எவனோ, சரி இறக்கு பார்க்கலாம் என்று கட்டிவிட்டான் போலிருக்கிறது. ஆனால் அந்த மனப்பாடமெல்லாம் வைகாசித் தடத்துக்குத்தான் செல்லும். இது ஐப்பசிக் கடைசி. தினமும் ராத்திரி மழை அடிக்கிறது, விடிந்தால் தடம் வேறு தடம், நேற்று சக்கரம் போன இடத்தை இன்றைக்கு ஓடைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருக்கும். மேலாகப் பார்த்தால் புல் அப்படியே நிற்கும், புல்லுக்கு அடியில் மண் இருக்காது.

அதனால்தான் பாப்பா. திருப்பூர்க்காரர்கள் மூன்று பேர், விடியக்காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சூரியோதயம் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து, இப்போது இறக்கிக்கொண்டு வருகிறார். சூரியன் என்னவோ வரவில்லை, மேகம்தான் வந்தது, அதற்கும் அவர்கள் கைதட்டினார்கள், நல்ல ஜனங்கள். சார் பின்னால் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுக்கிறார். முன்னால், அவருக்கு இடப்பக்கம், அந்தம்மா. கிளம்பின உடனேயே தலை சுற்றுகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாள். மடியில் ஐந்து வயசுப் பெண், சகானா. குழந்தை மட்டும்தான் அந்தப் பக்கம் விழித்துக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன். இரண்டாவது வளைவில் சுருளிவேல் சிரித்த முகத்தோடு கேட்டார், "பாப்பா, நம்ம ஒரு வெளையாட்டு வெளையாடுவமா? கதவுக்குக் கீழ எட்டிப் பாரு. புல்லு தெரிஞ்சா புல்லுன்னு சொல்லணும், மண்ணு தெரிஞ்சா மண்ணுன்னு சொல்லணும். விடாமச் சொல்லிக்கிட்டே வந்தா கீழ போனதும் தாத்தா உனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தருவேன்." "தாத்தா பாக்க மாட்டீங்களா?" என்றது குழந்தை. "தாத்தா நேராப் பாக்கணும்ல?" அவ்வளவுதான், குழந்தை ஆரம்பித்துவிட்டது, புல்லு, புல்லு, புல்லு, பூ, பூவும் சொல்லலாமா தாத்தா, சொல்லும்மா, பூ, புல்லு, மண்ணு. மண்ணு என்றதும் ஸ்டீயரிங் ஒரு விரக்கடை வலப்பக்கம் திரும்பும். புல்லு என்றால் ஒரு முழம் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான், மண்ணு என்றால் ஓரம் அரித்துவிட்டது. இது நாலாவது குழந்தை. குழந்தை கிடைக்காத நடைகளில், புரட்டாசியில் ஒரு காலேஜ் பெண், அதற்கு முன்னால் காது கேட்காத ஒரு பெரியவர். அவரிடம் இந்த விளையாட்டு நடக்கவில்லை, அன்றைக்கு இறங்கி முடிக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் தேவலை, ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. வெட்கமாக இல்லையா சுருளி என்று உள்ளே ஒன்று கேட்கும். இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்பதாவது வளைவை எடுத்தார், சின்ன கியரில், பிரேக்கைத் தொடாமல், வண்டியின் கனத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ள, ஈரக் கல் மேல் சக்கரம் ஏறி இறங்கி ஏறி. "மேகம்," என்றது குழந்தை. "என்னம்மா?" "மேகம் தாத்தா. கீழ மேகம்." கை தானாக வலப்பக்கம் ஒடித்தது, கண்ணாடி பாறையில் உரசிக் கிறீச்சிட்டது, பின்னால் சார் "சூப்பருங்ணா! இதுக்குத்தானுங்க வந்தது!" என்று கத்தினார்.

மேகம். கதவுக்குக் கீழே மேகம் என்றால் சக்கரம் எங்கே இருந்தது. அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் கால் நடுங்கும், கால் நடுங்கினால் கிளட்ச் நடுங்கும். பள்ளிக்கூடத்தில் ஆவணி மாதம் கண் முகாம் போட்டார்கள். சும்மா போய்ப் பார்ப்போம், ஒரு கண்ணாடி எழுதித் தருவார்கள் என்றுதான் போனார். வரிசையில் முன்னால் நின்ற ஆள் பலகையிலிருந்த எழுத்துகளை உரக்க வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு, வலது கண்ணை மூடச் சொன்னபோது கடகடவென்று ஒப்பித்துவிட்டார். டாக்டரம்மா சின்னப் பெண், சிரிக்கவில்லை. பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப படிங்க ஐயா" என்றாள். ஐம்பத்து நாலு வயசில் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அப்புறம் அவள் ஏதோ மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, காற்றை ஊதி, நரம்பு என்றாள், அழுத்தம் என்றாள், போன பார்வை போனதுதான் ஐயா, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், சொட்டு மருந்தை ஒரு நாள் விடக் கூடாது, வலது கண்ணும் ஓரத்தில் தேய ஆரம்பித்துவிட்டது என்றாள். என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டாள். எஸ்டேட்டில் காவல் என்று சொன்னார். நாக்குக் கூசாமல் சொன்னார். மருந்து சீட்டுக்கு அடியில் ஸ்பேனர்களோடு ஸ்பேனராகக் கிடக்கிறது, பவுன்தாய் ஒரு தடவை பார்த்துவிட்டு என்ன இது என்றபோது பேட்டரி மருந்து என்றார். பேட்டரிக்கு எங்கேயாவது சொட்டு மருந்து விடுவார்களா, அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். போன வாரம் இடப்பக்கம் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிட்டு அவளையே திட்டினார், வைக்கிற இடத்தைப் பாரு என்று. அவள் துடைத்தாள். அதற்கப்புறம் காபி வலப்பக்கம் வருகிறது, அது பாட்டுக்கு வருகிறது, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விட்டுவிடலாம். இன்றைக்கு இறங்கினதும் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போதும்ப்பா, நான் பார்த்தது போதும் என்று சொல்லிவிடலாம். இதைத் தினமும் பதினோராவது வளைவில் நினைக்கிறார், தொட்டிப்பாலத்தில் இறங்கி ஸ்டாண்டுக்காரர்கள் வாங்கண்ணே வாங்கண்ணே என்று எழுந்து நிற்கும்போது மறந்துவிடுகிறார். பொய் சொல்லி என்ன, மறக்கவில்லை, அந்த வாங்கண்ணேயை விட மனசில்லை. ஜீப்பை விட்டு இறங்கினால் சுருளிவேல் யார்? சந்தையில் காய் வாங்குகிற ஒரு ஆள். ஸ்டாண்டில் கூடவே ஓட்டிய இருளப்பனுக்கு அப்படித்தான் ஆயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் இருளப்பனுக்குக் கண்ணில் புரை, சாயங்காலமானால் தடுமாறினார், சங்கக் கூட்டத்தில் எல்லாரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று பேசினது யார், சாட்சாத் இந்தச் சுருளிவேல்தான். கண்ணு தெரியாதவன் ஸ்டீயரிங்கத் தொட்டா அதுக்குப் பேரு டிரைவிங் இல்ல, கொலை. அப்படியே சொன்னார். சாவிக்குக் கையை நீட்டினார். இருளப்பன் சாவியைக் கையில் கொடுக்காமல் தரையில் போட்டுவிட்டுப் போனார், இன்றுவரை முகத்தில் முழிப்பதில்லை. சரியாகத்தானே சொன்னோம். சரியாகச் சொன்னதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. அவருக்காவது எழுந்து நின்று சொல்ல ஓர் ஆள் இருந்தான். எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், எப்படிச் சொல்வார்கள், தெரிந்தால்தானே. யாராவது கண்டுபிடித்துவிட்டால் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது, கண்டுபிடித்துவிடுவார்களோ என்று எல்லா நாளும் பயமாக இருக்கிறது. பன்னிரண்டாவது வளைவு. ஊற்றுத் தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடம், சத்தம் கேட்கிறது, சத்தம் வலது காதுக்குப் பின்னால் போனதும் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும், இரண்டு எண்ணுகிற நேரம், பிறகு நேர். புல்லு என்று சத்தம் வரவில்லையே. புல்லும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. "பாப்பா?" வண்டி தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. "பாப்பா, என்ன தெரியுது?" "தூங்கிட்டாளுங்க," என்றாள் அந்தம்மா கண்ணைத் திறக்காமலே. "மூணு மணிக்கு எழுப்புனதுங்க. இந்த ஆட்டம் தொட்டில் மாதிரி ஆயிப்போச்சு."

தூங்கிவிட்டது. அவருடைய கண் தூங்கிவிட்டது, தாயின் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது, இன்னும் பத்து வளைவு இருக்கிறது. எழுப்பச் சொல்ல முடியுமா? எதற்கு எழுப்பச் சொல்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது, உங்கள் குழந்தை பார்த்துச் சொன்னால்தான் உங்கள் உயிர் தங்கும் அம்மா என்றா? நிறுத்தலாம். இந்தச் சரிவில் நிறுத்தினால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும், வழுக்கினால் எந்தப் பக்கம், அந்தப் பக்கம்தான். மலையோடு ஒட்டிக்கொள் என்று தனக்குத்தானே சொன்னார், பாறையில் உரசினால் தகரம்தான் போகும், ஒட்டிக்கொள், பாறையைப் பிடித்துக்கொள். வலது கண்ணால் பாறையைப் பார்த்துப் பார்த்து, அதன் பாசி, பாசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், வேர், மறுபடி பாசி, அதையே நம்பி இறங்கினார். கழுத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் வலது கண்ணால் கொஞ்சம் தெரியும், ஆனால் திருப்பினால் முன்னால் தெரியாது, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று ஒருத்தனை விட்டால் அவன் எதைப் பார்ப்பான். டாக்டரம்மா கேட்காமல் விட்ட கேள்வி. பின்னால் சார் கேட்டார், "ஏனுங்ணா, இந்த ரூட்டுல வண்டி எதாச்சும் உருண்டிருக்குதுங்களா?" "இல்ல சார்." "ஒண்ணுகூட?" "நம்ம வண்டி உருண்டதில்ல சார்," என்றார். உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது, வேட்டியில் துடைக்க ஒரு கையை எடுக்கப் பயமாக இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் கையை எடுக்கப் பயந்தது இன்றைக்குத்தான். சாமியைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் எந்தச் சாமி முகமும் நினைவுக்கு வரவில்லை, பவுன்தாய் டம்ளரைத் துடைத்த துணிதான் வந்தது.

பதினான்காவது வளைவைத் தாண்டி நேராக வந்தபோது எதிரே எஞ்சின் முக்குகிற சத்தம். பெத்தணனின் வண்டி. பெத்தணன் இவரைவிடப் பத்து வயசு சின்னவன், வாய்த்துடுக்கு, எவனுக்கும் வழி விடாதவன். ஆள் நிரப்பிக்கொண்டு ஏறி வந்து, இருபது அடி தூரத்தில் நின்றான். இந்த மலையில் ஒரே சட்டம்தான் உண்டு: ஏறுகிற வண்டி நிற்கக் கூடாது, இறங்குகிறவன்தான் பின்னால் போய், தடம் அகலமாக இருக்கிற ஒதுக்கத்தில் ஏறி வழி விட வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதுதான். கடைசி ஒதுக்கம் பதினான்காம் வளைவுக்கு மேலே, அறுபது எழுபது அடி. பின்னால் போக வேண்டும். மேட்டில், ஈரத்தில், இடது பின்சக்கரம் கெவி ஓரமாக. முன்னால் போவதற்காவது பாறை துணை வந்தது. ரிவர்ஸ் கியரைப் போட்டார். அது கட்டைச் சத்தத்தோடு விழுந்தது. இடது கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி, இன்னும் திருப்பிப் பார்த்தார், வலது கண்ணுக்குக் கண்ணாடி கிடைத்தது, கண்ணாடி முழுக்க வெள்ளை மேகம், ஓரம் எங்கே மேகம் எங்கே என்று பிரியவில்லை. "நான் வேணா எறங்கிப் பாக்கட்டுங்களா?" என்றார் சார். "வேணாம் சார், உக்காருங்க." ஏன் வேண்டாம் என்றாய், மடையா, இறங்கிப் பார்க்கட்டுமே, மூன்று பேரும் இறங்கட்டுமே, அந்தக் குழந்தையாவது இறங்கட்டுமே. ஒரு சொல்தான், இறங்குங்க என்கிற ஒரு சொல், அதைச் சொன்னால் அதற்குப் பின்னால் வேறு எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். கிளட்சை விட்டார். வண்டி ஒரு முழம் பின்னால் போயிற்று. இடப்பக்கம் அடியில் ஏதோ நெகிழ்ந்தது, கல் ஒன்று கழன்று போனது கேட்டது, விழுந்தது கேட்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார், மிதித்த கால் தன்னுடையதுதானா என்று தெரியவில்லை, போச்சு, இதுதான், ஐந்து வயசு, கடலை மிட்டாய். அப்போது பெத்தணன் ஹாரனை ஒரு தரம் லேசாகத் தட்டினான். தலையை வெளியே நீட்டிக்கொண்டு, ஆள் நிரம்பிய வண்டியை, ஏறின மேட்டிலிருந்து, அவன் பின்னால் எடுக்க ஆரம்பித்தான்.

ஏறுகிற வண்டி பின்னால் போகிறது. முப்பத்தொரு வருஷத்தில் சுருளிவேல் பார்க்காத காட்சி. முதலில் கோபம்தான் வந்தது, என்ன திமிர் இருந்தால் எனக்கு வழி விடுவான், நான் என்ன லைசென்ஸ் எடுக்க வந்தவனா, கோபம் வந்ததும் கால் கொஞ்சம் நிலைத்தது, முதல் கியரைப் போட்டு அவன் வண்டியின் மூக்கையே பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்தார். அவன் சக்கரம் போன இடத்தில் தன் சக்கரத்தை வைத்தார், அது பெரிய ஆறுதலாக இருந்தது, அதை நினைத்து மறுபடி கோபம் வந்தது. பதினைந்து, பதினாறு. பதினேழாவது வளைவில் பெரிய ஒதுக்கம், லாரிகூடத் திரும்பலாம். அங்கே இன்னும் மூன்று ஜீப்புகள் நின்றன, எஞ்சின் அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து. ஜனங்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்கள் பாறை மேல் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரிப்பேர் ஒன்றும் இல்லை, ஒருத்தன் பானெட்டும் திறந்திருக்கவில்லை. "அண்ணன் வந்தாச்சு, எந்திரிங்கப்பா, ஆளுகள ஏத்துங்க," என்று ஒரு குரல் கேட்டது. பெத்தணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்து, இவருடைய வலப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், வலப்பக்கம்தான் வந்தான். "தப்பா எடுத்துக்கிறாதீங்கண்ணே. இந்த மதுரைப் பார்ட்டி சீக்கிரம் மேல பாத்துட்டு பஸ்ஸுக்குத் திரும்பணும் திரும்பணும்னு உசுர எடுத்துட்டாங்க. அண்ணன் எறங்கட்டும்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல. இனிமே இப்படி நடக்காதுண்ணே." "எதுடா நடக்காது? யாருக்காகடா இங்க நிக்கிறீங்க?" பெத்தணன் வாயில் எப்போதும் இருக்கிற துடுக்கைக் காணோம். காலால் ஒரு கல்லை நகர்த்தினான். "நீங்க மேல வண்டிய எடுத்ததும் டீக்கடைக்காரரு போன் போட்டுருவாருண்ணே. நீங்க தாண்டுற வரைக்கும் நாங்க இங்ஙன நிறுத்திக்கிருவோம். சும்மா ஒரு பத்து நிமிசந்தான். அதுல என்ன இருக்கு." "எம்புட்டு நாளா?" அவன் மற்ற டிரைவர்களைத் திரும்பிப் பார்த்தான். "பெத்தணா, எம்புட்டு நாளாடா?" "பங்குனியிலருந்துண்ணே."

பங்குனி. பங்குனியில் கண்ணில் ஒன்றும் இல்லையே. பங்குனியில் அவருக்கே தெரியாதே. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, தனக்குத் தெரிவதற்கு முன்னால் நாலு மாதம், தெரிந்து மறைத்த நாலு மாதம், எட்டு மாதமாக இந்த ஆட்கள் பாறை மேல் குந்தி இருந்திருக்கிறார்கள், ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்காமல், அவரும் டூரிஸ்டுகள் படம் எடுக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இந்த வழியாக எத்தனை நடை போயிருக்கிறார். இவ்வளவு பாசம் எதற்கடா. ஒருத்தனாவது எழுந்து நின்று அண்ணே போதும்னு சொல்லியிருக்கக் கூடாதா, அடித்தாவது இறக்கியிருக்கக் கூடாதா, இந்தப் பிள்ளையை என் பக்கத்தில் உட்கார வைத்தீர்களேடா. அழுகை வந்தது, டிரைவர் சீட்டில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தார். மூன்று வண்டிகளும் பெத்தணன் வண்டியும் கெவி ஓரமாக ஒண்டி நின்றன, மலைப்பக்கம் தடம் அகலமாகக் கிடந்தது, டிரைவர்கள் ஆளுக்கொரு கையை மரியாதையாக நீட்டி, போங்கண்ணே, வாங்கண்ணே என்றார்கள். சார் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டார். "ஏனுங்ணா, உங்களுக்கு இங்க இத்தனை மரியாதைங்களா! அத்தனை வண்டியும் ஒதுங்கி நிக்குது பாருங்க!" அந்தம்மாகூடக் கண்ணைத் திறந்து ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சொல்லிவிடு. இங்கே சொல்லிவிடு, இதோ பெத்தணன் நிற்கிறான், நீ ஏறுடா, இவங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று ஒரு வார்த்தை. சாவியைக் கழற்ற வேண்டும், இறங்க வேண்டும், நடந்தே போய்விடலாம், இன்னும் ஐந்து வளைவுதானே. பெத்தணன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு விலகி நின்றான். நிறுத்து, நிறுத்து என்று சுருளிவேல் காலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், கால் முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் கிளட்சை மெல்ல விட்டிருந்தது, அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி பதினெட்டாவது வளைவில் திரும்பிவிட்டது.